பஞ்சலிங்கத்தின் பனங்குத்தி

ஜக்கிலே உயர்த்திய காரின் கீழே, பனைமரத்தில் அறுத்த பனங்குத்தியை வைத்தபிறகு, பஞ்சலிங்கம் காரின் கூரையிலே இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மூன்று தரம் ஆட்டிப் பார்ப்பார். அப்போது அவருடைய உதடு அசையும். பிள்ளையாரைக் கூப்பிடுகிறார் என்று சிலர் சொல்வார்கள். ஆட்டத்தை எண்ணுகிறார் என்று சிலர் சொல்வார்கள். சண்டிலிப்பாய்ச் சந்தியிலே வேலையில்லாமல் குந்தியிருந்தவர்கள் ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டார்கள்.

"ரெண்டுந்தான்" என்றார் பஞ்சலிங்கம். "பிள்ளையாரே ஒண்டு, பிள்ளையாரே ரெண்டு எண்டு எண்ணுறனான்."

அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். தகப்பன் புகையிலைத் தோட்டத்திலே தண்ணீர் இறைப்பு வேலை செய்தவர். பஞ்சலிங்கத்துக்கு மீசை அரும்புகிற வயதிலே மாமன் ஒருவர் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய், கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜிலே விட்டார். அங்கே காரின் சக்கரத்தை, சில்லை, கழற்றிப் பூட்டுவதுதான் அவருக்கு வாய்த்த வேலை. எஞ்சின் வேலைக்கு ஆசைப்பட்டவர்கள் முன்னுக்குப் போனார்கள். பஞ்சலிங்கம் சில்லோடே இருந்தார். அவருக்கு அதிலே குறையும் இருக்கவில்லை. ஓடுகிற வண்டி சில்லிலேதான் ஓடுகிறது, அதைச் சரியாகப் பூட்டிவிட்டால் போகிறவன் வீடு போய்ச் சேருவான் என்று நினைத்துக்கொள்வார்.

அந்தக் கராஜிலே மன்னாரைச் சேர்ந்த பிலிப்பு என்று ஒரு கூட்டாளி. இரண்டுபேரும் ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிடுகிறவர்கள். ஒரு மத்தியானம் பிலிப்பு ஒரு காரைச் செங்கல் அடுக்கிலே நிறுத்திப்போட்டுக் கீழே போனான். செங்கல் வெடித்தது. சத்தம் கேட்டுப் பஞ்சலிங்கம் திரும்பியபோது கார் தரையிலே இருந்தது. பிலிப்பின் உயிர் தப்பியது, இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அதற்குப் பிறகு அவன் ஒரு மாதா கோயில் வாசலிலே மெழுகுதிரி விற்றுக்கொண்டிருந்தான். பஞ்சலிங்கம் சனிக்கிழமைகளிலே நெற்றியில் திருநீற்றோடு போய் அவனிடம் ஒரு திரி வாங்கி, உள்ளே போய்க் கொளுத்திவிட்டு வருவார். "உம்முடை பிள்ளையார் கோவிக்கமாட்டாரோ?" என்று பிலிப்பு கேட்பான். "அவருக்கும் ஒரு கொம்பு முறிஞ்சுதானே கிடக்கு, விளங்கிக்கொள்ளுவார்" என்பார் இவர்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்திலே கராஜ் எரிந்தது. பஞ்சலிங்கமும் பெண்சாதியும் அகதிக் கப்பலிலே காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது, அவர் கையிலே நட்டுக் கழற்றுகிற வீல் ஸ்பானர் ஒன்று இருந்தது. ஓடுகிற நேரம் கையில் கிடந்தது, கீழே போட நினைவு வரவில்லை. பிலிப்பு எங்கே போனான் என்று தெரியவில்லை. அந்தக் கவலை அவருடைய நெஞ்சிலே ஒரு மூலையில் கிடந்தது.

சண்டிலிப்பாயிலே வீதியோரம் ஒரு கொட்டில் போட்டார். செங்கல்லோ சீமெந்துக் கல்லோ அந்தக் கொட்டிலுக்குள்ளே வரக்கூடாது. வைரம் பாய்ந்த பனைமரத்தை முழ உயரத்துக்கு அறுத்து, நாலு குத்தி வைத்திருந்தார். மரம் என்றால் பாரம் தாங்காதபோது முதலிலே முனகும், ஓட நேரம் கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு. சண்டையாலே பெற்றோல் வராமல் நின்றபிறகு கார் வேலையும் நின்றது. சிலபேர் மண்ணெண்ணெயிலே ஓடினார்கள். மற்றவர்கள் காரைக் கொட்டிலுக்குள்ளே விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார்கள். பஞ்சலிங்கம் சைக்கிள் ரியூப் ஒட்டினார். பனங்குத்திகளிலே சந்தியாட்கள் இருந்து கதை பேசினார்கள்.

தொண்ணூற்றிரண்டிலே, மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, ஞானாம்பிகை அவருடைய கொட்டிலுக்கு நடந்து வந்தார். பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாலே இருக்கிற வீடு. புருசன் சிவசுப்பிரமணியம் நாற்பது வருசம் வாடகைக்கு ஹயர் கார் ஓடியவர். அந்தப் பகுதியில் கலியாணம், செத்தவீடு, பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் அவருடைய கறுத்த மொறிஸ் மைனர்தான் போய்வந்தது.

"தம்பி பஞ்சலிங்கம், அவருக்குக் கால் ஏலாது" என்றார் ஞானாம்பிகை. "சீனி வருத்தம் இருக்கிறது தெரியுந்தானே. தோட்டத்துக்குள்ளை ஏதோ குத்தினது. சொல்லாமல் திரிஞ்சிருக்கிறார். இப்ப ரெண்டு விரல் கறுத்துப்போச்சு."

"டாக்குத்தர் என்ன சொல்லுறார் அக்கா?"

"ஒருநாள் விட்டு ஒருநாள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு வந்து மருந்து கட்டவேணுமாம். காலைத் தொங்கவிடவே கூடாதாம். போன கிழமை சைக்கிள் கரியரிலை கொண்டுபோய்க் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டுது. இனியும் அப்பிடி வந்தால் கணுக்காலோடை எடுக்கவேண்டிவருமெண்டு சொல்லிப்போட்டார். வியாழக்கிழமை தொடக்கம் வரச்சொன்னவர்."

"அங்கை வார்ட்டிலை வைச்சிருக்க மாட்டினமோ?"

"படுக்க இடமில்லை தம்பி. கீழை பாயிலைதான் சனம் கிடக்குது. எங்கடை கார் ஓடினால் பின்சீற்றிலை காலை நீட்டிப்போட்டுக் கொண்டுபோகலாம். என்ரை தம்பி பரமலிங்கம் ஓடுவன் எண்டு நிக்கிறான். மண்ணெண்ணெயும் கொஞ்சம் எடுத்து வைச்சிருக்கிறான். ஆனால் சில்லு அசையுதில்லை."

"அவன் ஏதும் அடிச்சுப் பாத்தவனோ?"

ஞானாம்பிகை கொஞ்சநேரம் நிலத்தைப் பார்த்தார். "அடிச்சவன்" என்றார்.

பஞ்சலிங்கம் எழும்பி, குத்திகளிலே இருந்தவர்களை எழுப்பினார். நாலு குத்தியையும் ஒரு தட்டைப் பலகையையும் கைவண்டியிலே ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

மாமரத்துக்குக் கீழே சாய்மனைக் கதிரையிலே சிவசுப்பிரமணியம் கிடந்தார். வலதுகால் ஸ்டூலின் மேலே தலையணையில் இருந்தது, வெள்ளைத்துணி சுற்றியிருந்தது. அங்கேயிருந்து பார்த்தால் கார்க் கொட்டில் தெரியும். கதிரையை அந்த இடத்தில் போடச் சொன்னவரும் அவர்தான்.

"வா பஞ்சலிங்கம். உன்ரை கட்டைகளோடை வாறாய். ஆரையும் எரிக்கப் போறியோ?"

"அண்ணையைத் தூக்கிக் காரிலை வைக்கத்தான் வந்தனான்."

"காரை முதல் தூக்கு. ஒரு மைல் தூரத்துக்கும் நான் கத்துறது கேக்கும். எதிலையும் பிழை விட்டியோ, சொல்லுவன்."

பரமலிங்கம் நெம்புகிற அலவாங்கும் பெரிய சுத்தியலும் பக்கத்திலே வைத்துக்கொண்டு நின்றான். முப்பத்தைந்து வயது, நல்ல தேகம், பொறுமை மட்டும் இல்லாதவன். அத்தானின் காலை நினைத்து அவன் இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை என்று அவனுடைய கண் சொன்னது. வலது பின்சில்லிலே ஒரு நட்டின் மூலைகளை அவன் ஏற்கெனவே வழித்துவிட்டிருந்தான்.

பஞ்சலிங்கம் அதைத் தடவிப் பார்த்தார். நட்டு ஏறியிருக்கிற போல்ட் முறிந்துவிட்டால் மாற்றிப் போட யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் கிடையாது. அதை இவனுக்குச் சொல்லி இன்னும் பயப்படுத்துவானேன் என்று நினைத்தார்.

நாலு சில்லையும் கழற்றி ரியூபும் பிரேக்கும் பார்க்கவேண்டியிருந்தது; முன்சில்லிலே தொடங்கினார்கள். பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைத்தார். மண் தரை என்றபடியால் பலகையைப் போட்டு அதன்மேலே ஜக்கை வைத்தார். சில்லு நிலத்திலே இருக்கும்போதே நட்டை இளக்கப் பார்த்தார். ஸ்பானரைப் போட்டு ஒரு இழுவை. நட்டு வெண்ணெய்க்குள்ளே இருந்ததுபோலச் சுழன்று வந்தது. அடுத்ததும் அப்படி. இரண்டு முன்சில்லுகளும் வெயில் ஏறுவதற்கு முன்பே கழன்றுவிட்டன.

"இதென்ன, நேற்றுப் பூட்டின மாதிரிக் கிடக்கு" என்று பஞ்சலிங்கம் ஒரு நட்டை மோந்து பார்த்தார். இலுப்பெண்ணெய் மணம். அதோடு கொஞ்சம் குங்குமம். நிமிர்ந்து ஞானாம்பிகையைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையிலை விளக்கு அணைஞ்சாப்போலை மிஞ்சிற எண்ணெயைத் தொட்டு வைக்கிறனான்" என்றார் ஞானாம்பிகை கூச்சத்தோடு. "எங்களுக்குச் சோறு போட்ட கார். அதைக் காய்ஞ்ச தலையோடை விட மனம் வரேல்லை."

"பின்சில்லுக்கும் வைக்கிறனீங்களோ?"

"அங்கை குனிய ஏலாது தம்பி. பின்பக்கமெல்லாம் ஓலையும் வெண்காயமும் அடுக்கிக் கிடக்கு."

முன்சில்லுகளை இப்போதைக்குத் திரும்பப் பூட்டிக் காரை இறக்கிவிட்டு, ஓலைக் கட்டுகளையும் வெண்காயப் பிடிகளையும் அகற்றிப் பஞ்சலிங்கம் பின்சில்லடியில் குந்தினார். முன்பக்கம் பார்த்த கண்ணுக்கு இது வேறு காராக இருந்தது. நட்டு எது, போல்ட் எது என்று தெரியாமல் துரு மூடியிருந்தது. துருவுக்கு மேலே வெள்ளையாக ஒரு பொருக்கு. நகத்தாலே சுரண்டி நாக்கிலே தொட்டார். உப்பு. பொருக்கின் விளிம்பிலே மெல்லிய மஞ்சள் நிறம் இருந்தது.

அவருக்கு விளங்கிவிட்டது. திருஷ்டி போக்க, கண்ணூறு கழிக்கிற உப்பு. மஞ்சள் தண்ணீரிலே உப்பைக் கரைத்து, செம்போடு காரை மூன்று சுற்றுச் சுற்றி, பிடித்த கண்ணூறு பின்னாலே போகட்டும் என்று பின்சில்லிலே ஊற்றியிருக்கிறார்கள். குனிய இடமில்லாமல் எட்ட நின்று வீசி ஊற்றியிருக்கிறார்கள். வெள்ளிக்கு வெள்ளி, கார் நின்ற நாள் தொடக்கம்.

"என்ன பஞ்சலிங்கம், முகம் ஒரு மாதிரிப் போகுது?" என்று மாமரத்தடியிலிருந்து சத்தம் வந்தது.

"துருப் பிடிச்சுக் கிடக்கு அண்ணை."

"எப்பிடிப் பிடிக்கும்? கூரைக்குள்ளை நிண்ட கார். கடல் எங்கை கிடக்கு, நாங்கள் எங்கை கிடக்கிறம்? ஆரோ ஏதோ செய்துபோட்டினம்."

ஞானாம்பிகை அப்போது தேத்தண்ணீர் கொண்டுவந்து கொண்டிருந்தார். அந்த அம்மாவின் கை, அந்தத் தட்டத்தை எவ்வளவு கவனமாகப் பிடித்திருந்தது என்பதைப் பஞ்சலிங்கம் பார்த்தார். உப்புக் கதையை எடுக்காமல் சில்லுப் பக்கம் திரும்பினார்.

கம்பித் தூரிகையாலே போல்ட்களின் புரியெல்லாம் தேய்த்தார். மண்ணெண்ணெயும் இலுப்பெண்ணெயும் கலந்து ஒரு சிரட்டையிலே எடுத்து, கோழியிறகாலே ஒவ்வொரு நட்டின் அடியிலும் விட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"இனி?" என்றான் பரமலிங்கம்.

"இனி எண்ணெய் வேலை செய்யட்டும். நான் நாளைக்கு வாறன்."

"நாளைக்கோ? அண்ணை, வியாழக்கிழமை ஆஸ்பத்திரி."

"ஓம் தம்பி. அதுதான் இண்டைக்கு அடிக்காமல் போறன்."

மாலையிலே திரும்பவும் வந்து எண்ணெய் விட்டார். மறுநாள் காலை கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்தார். ஸ்பானரின் பிடியிலே ஒரு இரும்புக் குழாயைக் கொழுவி நீளமாக்கிக்கொண்டார். கழற்றுகிற பக்கம் இழுக்கவில்லை. முதலிலே இறுக்குகிற பக்கம், ஒரு மயிரளவு.

"அத்தான், இவர் இறுக்குறார்" என்று பரமலிங்கம் முறைப்பாடு சொன்னான்.

"விடு, அவன் துருவை உடைக்கிறான்" என்றார் சிவசுப்பிரமணியம். "உனக்கெண்டால் எல்லாத்தையும் ஒரு பக்கம் இழுக்கத்தான் தெரியும்."

நட்டு சின்னதாக ஒரு சத்தம் போட்டது. அப்புறம் இழுத்தார், வெட்டி இழுக்காமல், கிணற்றிலே நிறைவாளி இழுக்கிறதுபோல. கால் சுற்று வந்தது. திரும்ப இறுக்கினார், திரும்ப இளக்கினார், எண்ணெய் விட்டார். வழிந்துபோன நட்டுக்கு அரத்தாலே இரண்டு பக்கம் தட்டையாக அராவி, சின்ன ஸ்பானரைப் போட்டு, பேசிப் பேசி எடுத்தார். "வா அம்மா, வா, உன்னை ஒருத்தரும் இனி அடிக்கமாட்டினம்" என்று அதற்குச் சொன்னதைக் கேட்டு ஞானாம்பிகை முந்தானையாலே வாயைப் பொத்திக்கொண்டார். மத்தியானத்துக்குள்ளே நட்டெல்லாம் இளகிவிட்டன.

வலப்பக்கத்தை ஜக்கிலே உயர்த்தினார். காரின் வயிற்றுச் சட்டத்தின் கீழே, உள்பக்கமாக ஒரு பனங்குத்தியை வைத்தார். கூரையிலே கைவைத்து மூன்று தரம் ஆட்டினார்.

"உந்தக் கட்டைக்குப் பொங்கிப் படைக்கேல்லையோ?" என்று பரமலிங்கம் கேட்டான்.

"சில்லு கழரட்டும், படைப்பம்."

நட்டுகளைக் கழற்றினார். சில்லு அசையவில்லை. நட்டு ஒன்றுகூட இல்லாமல் அது காரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பஞ்சலிங்கம் பெருமூச்சு விட்டுவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். அவசரப்படுகிற மனிதன் பக்கத்தில் நின்றால் தனக்கும் அவசரம் தொற்றிவிடும் என்று அவருக்குப் பயம். அதனாலே கொஞ்சம் ஆறுதலாகவே கழுவினார்.

திரும்பி வரும்போது பரமலிங்கத்தின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவன் சுத்தியலோடு காருக்குக் கீழே போய், சில்லை உள்பக்கத்திலிருந்து வெளியே அடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி" என்று பஞ்சலிங்கம் கூப்பிட்டார். சுத்தியல் சத்தத்திலே அது கேட்கவில்லை.

அடுத்த அடியிலே ஜக் பலகையிலே வழுக்கிச் சரிந்தது. கார் இறங்கியது. பொத்தென்று ஒரு சத்தம். மாமரத்திலிருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன.

பனங்குத்தி நீளமாக ஒரு தரம் முனகியது. பிறகு பேசாமல் நின்றது. காரின் வயிறு குத்தியின்மேலே இருந்தது. பரமலிங்கத்தின் நெஞ்சுக்கும் காருக்கும் நடுவிலே ஒரு சாண் இடம் இருந்தது.

"பரமு" என்று சிவசுப்பிரமணியம் கத்தினார். கதிரையை விட்டு எழும்பப் பார்த்தார், முடியவில்லை.

"அசையாமல் கிட தம்பி" என்றார் பஞ்சலிங்கம். இரண்டாவது குத்தியை உருட்டிக்கொண்டுவந்து முதல் குத்திக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பிறகு பரமலிங்கத்தின் கணுக்கால்களைப் பிடித்து, ஒரு பிள்ளையை இழுக்கிறதுபோல மெல்ல வெளியே இழுத்தார்.

பரமலிங்கம் எழும்பி இருந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. பஞ்சலிங்கம் அவன் பக்கத்திலே நிலத்தில் இருந்துகொண்டு, அவனுடைய கால் இரண்டையும் முழங்காலிலிருந்து பாதம்வரை தடவிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பவும் தடவினார்.

"எனக்கு ஒண்டுமில்லை அண்ணை" என்றான் பரமலிங்கம்.

"ஓம். ஒண்டுமில்லை."

"நீங்கள் கிணத்தடிக்குப் போகேக்கை அந்தக் கட்டை கைக்குத் தடக்குதெண்டு இழுத்துப் பாத்தனான்" என்று அவன் மெதுவாகச் சொன்னான். "பாரமாக் கிடந்துது. விட்டிட்டன்."

பிலிப்பின் முகம் பஞ்சலிங்கத்தின் கண்ணுக்குள்ளே நின்றது. திருநீற்றுப் பையை எடுத்துப் பரமலிங்கத்தின் நெற்றியிலே பூசினார். மிச்சத்தைக் குத்தியிலே தட்டினார். பிறகு பரமலிங்கம் தானாகவே எழும்பிப்போய், மூன்றாவது குத்தியையும் உருட்டிக்கொண்டு வந்தான்.

"மூண்டு வேண்டாம்" என்றார் பஞ்சலிங்கம்.

"கிடக்கட்டும் அண்ணை" என்றான் அவன்.

ஞானாம்பிகை கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தபிறகு பஞ்சலிங்கம் தன்னுடைய வழியிலே தொடங்கினார். ஜக்கைத் திரும்ப நேராக வைத்தார். நட்டுகளைப் போல்ட்களிலே இரண்டு புரி மட்டும் ஏற்றித் தளர்வாக விட்டார். சில்லு கழன்றாலும் பாய்ந்து விழாமல் நட்டுப் பிடித்துக்கொள்ளும். குத்திகளை எடுத்துவிட்டுக் காரை நிலத்திலே இறக்கினார். ஆப்புகளையும் எடுத்தார். சில்லின் கழுத்திலே இப்போது காரின் பாரம் முழுக்க இருந்தது.

"இனி முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளவேணும். ஓடாது, ஓடவும் தேவையில்லை. சும்மா தாலாட்டுற மாதிரி."

பரமலிங்கம் பின்னாலே நின்றான். பஞ்சலிங்கம் முன்னாலே நின்றார். ஞானாம்பிகை சேலையை இடுப்பிலே செருகிக்கொண்டு வந்து கதவுப் பக்கம் கையை வைத்தார். "நானும் தள்ளுறன். இது என்ரை கையை அறிஞ்ச கார்" என்றார்.

தள்ளினார்கள். விட்டார்கள். தள்ளினார்கள். மாமரத்தடியிலிருந்து சிவசுப்பிரமணியம் "ஓம்... விடு... ஓம்... விடு" என்று தாளம் போட்டார். எத்தனை தரம் என்று ஒருவரும் எண்ணவில்லை. திடீரென்று சில்லுக்குள்ளே கிண்ணென்று, கோயில் மணியை விரலாலே சுண்டினதுபோல ஒரு சத்தம் வந்தது.

"விட்டிட்டுது" என்றார் சிவசுப்பிரமணியம். நாற்பது வருசம் காரின் சத்தத்தோடு வாழ்ந்த காது.

திரும்ப உயர்த்தி, குத்தி வைத்து, ஆட்டிப் பார்த்து, நட்டை எடுத்தார்கள். சில்லு பஞ்சலிங்கத்தின் இரண்டு கைக்கும் குழந்தைபோல வந்தது. அதை நிலத்திலே படுக்கப் போட்டுக் காரின் கீழே தள்ளிவிட்டார், அதுவும் ஒரு காவலுக்கு. சில்லு இருந்த இடத்திலே வட்டமாகத் துருவும் உப்பும் பிடித்திருந்தன. வெயில் பட்டபோது அந்த வட்டம் முழுக்க மஞ்சளாகத் தெரிந்தது.

ஞானாம்பிகை அதைப் பார்த்தார். கொஞ்சம் குனிந்து திரும்பவும் பார்த்தார். வீட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

பஞ்சலிங்கம் தண்ணீர் குடிக்கிற சாட்டிலே கிணற்றடிக்குப் போனார். அந்த அம்மா அங்கே துலாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னாலைதானே தம்பி?"

பஞ்சலிங்கத்துக்கு இல்லை என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. காலையில்தான் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்த வாய்.

"பின்சில்லு உங்கடை உப்பாலை அக்கா" என்றார். "முன்சில்லு உங்கடை எண்ணெயாலை. அந்த எண்ணெய் இல்லையெண்டால் நாலு சில்லோடையும் மல்லுக்கட்டியிருப்பம். வியாழக்கிழமைக்கு முடிஞ்சிராது. நானும் சில்லைப் பாக்கேக்கை நினைச்சனான், எண்ணெய் வைச்சவதான் உப்பும் ஊத்தினவ. ரெண்டும் ஒரே மனத்தாலை செய்ததுதானே."

"அவருக்குக் கண்ணூறு படக்கூடாதெண்டு செய்தன். அவற்றை காலுக்கே வந்து நிக்குதே."

"கால் போகேல்லை அக்கா. இன்னும் ஒரு சில்லுத்தான் கிடக்கு."

அந்த ஒரு சில்லும் புதன்கிழமை காலையிலே அதே மாதிரி வந்தது. இப்போது பிரேக் டிரம் மிச்சம். வெளியிலிருந்து பிரேக்கை இளக்கிவிட்டு, மரத்துண்டை வைத்துத் தட்டித் தட்டி டிரம்மை எடுத்தபோது பஞ்சலிங்கம் தலையைச் சொறிந்தார். உள்ளே பிரேக் கட்டை டிரம்மிலே ஒட்டியிருந்த தடம் தெளிவாகக் கிடந்தது.

"பரமு, நீ முதல் வந்து பாக்கேக்கை ஹான்ட்பிரேக் எப்பிடிக் கிடந்தது?"

பரமலிங்கம் மாமரத்தடியைக் கடைக்கண்ணாலே பார்த்தான். "இழுத்தபடிதான் கிடந்தது. நான்தான் இறக்கினனான். எண்டாலும் சுத்தேல்லை."

"ஏன் அத்தானுக்குச் சொல்லேல்லை?"

"அவற்றை வாய்க்கு ஆர் போறது?"

அந்த வாய் அப்போதுதான் திறந்தது. "என்ன குசுகுசுக்கிறியள்? என்ரை காரிலை ஆர் என்ன வேலை பாத்ததெண்டு எனக்குத் தெரியவேணும்."

"அண்ணை, காரை விடேக்கை ஹான்ட்பிரேக் இழுத்தனீங்களோ?" என்று பஞ்சலிங்கம் பணிவாகக் கேட்டார்.

"இதென்ன கேள்வி? நாப்பது வருசத்திலை ஹான்ட்பிரேக் இழுக்காமல் நான் இறங்கினதே கிடையாது."

"ஒரு இரவு விடுறதுக்கு அது சரி அண்ணை. வருசக்கணக்கிலை விடுறதெண்டால் சில்லுக்கு ஆப்பு வைச்சுப்போட்டுப் பிரேக்கை இளக்கி விடவேணும். இழுத்தபடி கிடந்து கட்டை டிரம்மோடை ஒட்டிப்போச்சு. சில்லுச் சுத்தாததுக்குக் காரணம் அதுதான்."

சிவசுப்பிரமணியம் மாமரத்தை நிமிர்ந்து பார்த்தார். ஒரு பூவோ பிஞ்சோ தேடுகிறவர்போலப் பார்த்தார்.

ஞானாம்பிகை அவருக்குப் பக்கத்திலே வந்து நின்றார். "சில்லுக் கழரவிடாமல் உப்பு ஊத்தினது நான்" என்றார். "வெள்ளிக்கிழமை கண்ணூறு கழிச்சு அங்கைதான் ஊத்தினனான். சுத்தவிடாமல் இழுத்து வைச்சது நீங்கள். அப்ப பாதி நான், பாதி நீங்கள்."

அவர் மனிசியின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு முதலிலே கோபம்தான் வந்தது. அது வந்த வழியிலே எங்கேயோ நின்றுவிட்டது.

"உப்பு ஊத்தினனியோ?" என்றார். "காருக்கோ, எனக்கோ?"

"ரெண்டுக்குந்தான்."

"பாவம் கார்" என்றார் அவர். "எங்கள் ரெண்டு பேரிட்டையும் தனியா மாட்டுப்பட்டுப்போச்சு."

ஞானாம்பிகை சிரித்தார். அந்த வீட்டிலே இரண்டு கிழமையாகக் கேளாத சத்தம் அது. பரமலிங்கமும் சிரித்தான். பஞ்சலிங்கம் பிரேக் கட்டையை அரத்தாளாலே தேய்த்துக்கொண்டு, தன்பாட்டிலே ஒரு சுவாமிப் பாட்டை முணுமுணுத்தார்.

பின்னேரத்துக்குள்ளே ரியூப் ஒட்டி, காற்றடித்து, துருவைத் துடைத்து, போல்ட்களுக்கு மெல்லிசாய் எண்ணெய் தடவிச் சில்லுகளைப் பூட்டினார். நட்டுகளை ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இறுக்கினார். வியாழக்கிழமை விடியப் பரமலிங்கம் காபிரேற்றரிலே கொஞ்சம் பெற்றோலைச் சொட்டவிட்டு, முன்பக்கத்திலே ஹான்டிலைப் போட்டுச் சுழற்றினான். கார் இருமியது, தும்மியது, பிறகு மண்ணெண்ணெய்ப் புகையை வளவு முழுக்க அடித்துக்கொண்டு உயிர் பிடித்தது. சிவசுப்பிரமணியத்தைத் தூக்கிப் பின்சீற்றிலே நீட்டிவைத்தார்கள். கால் தலையணையின் மேலே இருந்தது. தலை ஞானாம்பிகையின் மடியிலே இருந்தது.

"ஆறுதலா ஓடு" என்று அவர் மைத்துனனுக்குச் சொன்னார். "ஆனைக்கோட்டைக்கு இங்காலை ஒரு பள்ளம். வலத்தாலை எடு."

ஒரு மைல் தூரம் போனபிறகு காரை நிறுத்தி நட்டுகளைத் திரும்ப ஒருதரம் இறுக்கிப் பார் என்று பஞ்சலிங்கம் சொல்லியிருந்தார். பரமலிங்கம் மறக்காமல் நிறுத்தினான். பார்த்துவிட்டுக் காரின் கூரையிலே கையை வைத்து மூன்று தரம் ஆட்டினானாம். அதை ஞானாம்பிகைதான் பிறகு சொன்னார்.

பங்குனி முழுக்க ஒருநாள் விட்டு ஒருநாள் அந்தக் கார் போய்வந்தது. சந்தியைக் கடக்கும்போது பஞ்சலிங்கம் கொட்டிலிலிருந்து எழும்பிப் பின்சில்லைப் பார்ப்பார், சீராக ஓடுகிறதா என்று. கறுத்த விரல் இரண்டையும் டாக்குத்தர் எடுத்தார். கணுக்காலைத் தொடவில்லை. புண் சிவந்து, சிறுத்து, தோல் மூடியது.

சித்திரை வருசம் பிறந்த கிழமை பஞ்சலிங்கம், ஞானாம்பிகை வீட்டிலே விட்டுவந்த தன்னுடைய பனங்குத்திகளை எடுத்துக்கொண்டு வரலாம் என்று போனார். சிவசுப்பிரமணியம் பொல்லை ஊன்றிக்கொண்டு கார்க் கொட்டிலடியில் நின்றார். சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் மர ஆப்பு வைத்திருந்தது. காரின் கதவைத் திறந்து உள்ளே குனிந்து, ஹான்ட்பிரேக் இறக்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு நாளும் வந்து பாக்கிறார்" என்றார் ஞானாம்பிகை. "நடக்கச் சொல்லி டாக்குத்தர் சொன்னவர், அதுக்கு இது ஒரு சாட்டு."

"நீங்கள் உப்பு ஊத்துறதை விட்டிட்டியளோ அக்கா?"

"ஏன் விடுறது? சுத்திப்போட்டுக் கொண்டுபோய் முச்சந்தியிலை ஊத்துறன். சில்லுக்கு எண்ணெய்தான். நாலுக்கும்."

பஞ்சலிங்கம் குத்திகளைத் தேடினார். கொட்டிலின் மூலையிலே நாலும் வரிசையாக நின்றன. ஒன்றின் தலையிலே மட்டும் எண்ணெய் பளபளத்தது, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது, ஒரு செவ்வரத்தம்பூவும் இருந்தது. கார் இருந்த தழும்பு அதன் தலையிலே தெரிந்தது.

"அது அக்கா வைச்சதில்லை" என்று பின்னாலே பரமலிங்கத்தின் குரல் கேட்டது. "பொங்கிப் படைப்பம் எண்டு சொன்னனீங்கள்தானே அண்ணை. பொங்கல் பிறகு பாப்பம்."

பஞ்சலிங்கம் மூன்று குத்தியைக் கைவண்டியிலே ஏற்றினார். பூ வைத்த குத்தியை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.